லெட்ஜர் தாள், முப்பத்தெட்டு கிலோ

2023 ஜூலை 10 – 212 கிலோ
2023 ஜூலை 11 – 187 கிலோ
2023 ஜூலை 12 – 194 கிலோ
2023 ஜூலை 13 – 203 கிலோ
2023 ஜூலை 14 – 176 கிலோ
2023 ஜூலை 15 – 131 கிலோ
ஆக மொத்தம் – 1,103 கிலோ

அஞ்சம்மாள் வேலை பார்த்த அத்தனை நாளுக்கும், பழைய எடை நோட்டுகளில் மிஞ்சியது இந்த ஒரு தாள்தான். அதுவும் பத்திரப்படுத்தியதால் மிஞ்சவில்லை. எடை மேடையின் ஒரு கால் குட்டை. யாரோ இந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்து அதன் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சிதம்பரத்துக்கு வெளியே, கடலூர் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் குப்பை பிரிக்கும் கொட்டகை அது. விடுதிகளின் சோற்றுக் கழிவு உரக்குழிக்குப் போகும். தாள், அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் வகை பிரித்து, எடை போட்டு, கடலூர் கோடவுனுக்குப் போகும். எடை போட்டவர் எடை நோட்டில் அன்றைய வரிக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருடமாக அந்தக் கையெழுத்து அஞ்சம்மாளுடையது. கான்ட்ராக்டர்கள் மூன்று பேர் மாறினார்கள். யாருடைய வருகைப் பதிவிலும் அவள் பெயர் ஒழுங்காக ஏறவில்லை.

ஊர் கிள்ளை. கணவர் பூவராகன் படகு என்ஜினில் வலது காலை இழந்ததிலிருந்து கடலுக்குப் போவதில்லை. வீட்டில் வருமானம் இவளுடையது மட்டும்.

2025 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. ஜூன் முதல் தேதி நான்காவது கான்ட்ராக்டர் வருகிறார். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களை அவர் வைத்துக்கொள்ளமாட்டார். அஞ்சம்மாளுக்கு ஐம்பத்தாறு. ஒரே ஒரு வழி இருந்தது. அந்த மார்ச் முடிய இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்ததை எழுத்தில் காட்டினால், பல்கலைக்கழகமே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 2ஆம் தேதி மனு கொடுத்தாள். அலுவலக எழுத்தர் வைத்திலிங்கம் நடப்பு எடை நோட்டை விரலால் ஓட்டி எண்ணினார். 2024 ஜூலையிலிருந்து இருநூற்று இருபத்தொரு நாள்.

“அதுக்கு முந்தின நோட்டுங்க எங்கம்மா?”

 எங்கே என்று அஞ்சம்மாளுக்குத் தெரியும்.

போன நவம்பரில் வளாகம் முழுக்கப் பழைய தாள்களை ஒழித்தார்கள். துறைவாரியாகச் சாக்குகள் கொட்டகைக்கு வந்தன. அலுவலகத்துச் சாக்கில் சிவப்புத் துணி முதுகு ஒட்டிய பதினான்கு நோட்டுகள் இருந்தன. கூட வேலை செய்யும் மகேஸ்வரிதான் முதலில் பார்த்தாள்.

“யக்கா, இது நம்ம எடை நோட்டாச்சே! உன் கையெழுத்துதான் பூரா. ரெண்டு எடுத்து வெச்சிக்கயேன்.”

“வெச்சி என்னா, பூஜையா பண்ணப்போறேன்? கொட்டாய்க்குள்ள வந்தது வெளிய போவக்கூடாதுடி. இன்னிக்கி நோட்டு எடுப்ப, நாளைக்கி டப்பா எடுப்ப.”

அது கொட்டகையின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டது அஞ்சம்மாளேதான். அட்டையை ஒரே இழுப்பில் கழற்றினாள். துணியைத் தனியே போட்டாள், பின்களைத் தனியே போட்டாள். லெட்ஜர் தாள் உயர்ந்த ரகம், மற்ற தாளோடு கலக்கக்கூடாது. கலக்காமல் கட்டி, மேடையில் ஏற்றி, முப்பத்தெட்டு கிலோ என்று சொல்லி, எதிரே கையெழுத்துப் போட்டாள். தேதி 2024 நவம்பர் 20.

2025 ஏப்ரல் 5ஆம் தேதி விடுப்பு சொல்லிவிட்டு கடலூர் போனாள். மஞ்சக்குப்பத்தில் இறங்கி விசாரித்து விசாரித்து நடந்து கோடவுனைக் கண்டுபிடித்தாள். முதலாளி தட்சிணாமூர்த்திக்கு ஆளைத் தெரியாது. எந்தக் கொட்டகை என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார்.

“நீதானா அது! போன நவம்பர் சரக்கா கேக்குற? அது இந்நேரம் நோட்டாப் போயி, புள்ளைங்க அதுல பரிச்சையே எழுதி முடிச்சிருக்கும் யக்கா.”

“ஒரு கட்டாவது ஓரமா கெடக்காதா?”

“அந்தா பாரு.” சுவர் ஓரம் கூரை வரை கட்டுகள் நின்றன. “மத்த எடத்துலேர்ந்து வந்தது எல்லாம் ஆறு மாசமா கெடக்குது. பின்னு, பிளாஸ்டிக், பிரியாணிப் பொட்டலம், எல்லாம் உள்ள. பிரிக்க ஆள் கெடைக்கல. உன் கட்டுல ஒரு குண்டூசி இருக்காது. அதான் வந்த அன்னிக்கே மில்லுக்கு லாரி ஏத்திட்டேன். உன் கை மாதிரி ஜாஸ்தி பேருக்கு வராது.”

டீ வரவழைத்தார். குடித்தாள். சர்க்கரை போட்டிருந்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை.

மேடைக்கால் முட்டு பழைய நோட்டுத் தாள் என்பது ஏப்ரல் 9ஆம் தேதிதான் மகேஸ்வரிக்கு நினைவு வந்தது. இருவருமாக மேடையைத் தூக்கித் தாளை எடுத்தார்கள். மடிப்பில் ஓட்டை விழுந்திருந்தாலும் எழுத்தும் கையெழுத்தும் தெரிந்தன. வைத்திலிங்கம் அதைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“ஆறு நாளு. சேத்தா எரநூத்தி இருவத்தேழு. இன்னும் எரநூத்தி அம்பத்திமூணு வேணுமேம்மா.”

“தெனம் வந்தேன் சார். நீங்களே பாத்துருக்கீங்க.”

“பாத்தேன்மா. நான் பாத்தத எந்தக் கலத்துல எழுதுறது?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. தாளை மனுவோடு சேர்த்துக் குத்தி மேலே அனுப்பினார்.

அதன் பிறகும் காலை ஏழு மணிக்குக் கொட்டகை திறந்தது. முட்டு இல்லாத மேடை ஒரு பக்கம் ஆடியது. அஞ்சம்மாள் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து எடை சொன்னாள். வீட்டில் பூவராகன் என்ன ஆயிற்று என்று கேட்பதை ஏப்ரல் கடைசியோடு விட்டுவிட்டார். அவளும் சோறு போட்டு, அவர் சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மனுவுக்கான பதில் கடிதம் கொட்டகைக்கே வந்தது. மகேஸ்வரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “மேற்படி நோட்டுகள் 20.11.2024 அன்று கழிவாக ஒப்படைக்கப்பட்டு, மனுதாரராலேயே எடையிட்டுக் கையொப்பமிடப்பட்டுள்ளன. எனவே கோரிக்கையை ஏற்க இயலாது.”

“யக்கா, ஏதாவது சொல்லேன்.”

“அந்தப் பின்ன கழட்டிட்டுக் குடு.”

பின்னை டப்பாவில் போட்டாள். கடிதத்தை நாலாக மடித்தாள். மகேஸ்வரி மேடையைத் தூக்கிப் பிடிக்க, குட்டைக் காலின் அடியில் செருகினாள். பிறகு அன்றைய அட்டையை ஏற்றினார்கள். மேடை ஆடவில்லை. நாற்பத்திரண்டு கிலோ. நோட்டில் கையெழுத்துப் போட்டாள். தேதி 2025 மே 28.