கல்பாக் போட்ட எழுத்துகள்

புருல் எஜே பள்ளியை விட்டு ஒன்பது வருடமாகிறது. இன்றைக்கும் எங்கள் கிர்கீஸ் மலைக் கிராமம் கோக்-ஜாரில் யாரை நிறுத்தி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எங்கே வரும் என்று கேட்டாலும் இலக்கண விதி எதுவும் சொல்ல மாட்டார்கள். "எதுக்குக் கல்பாக் போடணுமோ அதுக்குத்தான்" என்பார்கள். கல்பாக் என்றால் எங்கள் ஆண்கள் போடும் கம்பளித் தொப்பி. நாரின் டவுனுக்கு வேன் ஓட்டுகிறவன் சொல்வான், தபால் ஆபீஸ்காரி சொல்வாள், ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகிற தடியனும் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் புருலுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அறுபத்தேழு வயதில் ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

இத்தனைக்கும் அவள் ஆங்கிலம் படித்தவளே அல்ல. பதினான்கு வருடம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவள். சோவியத் உடைந்த மறு வருடம் ஒரு காலையில் ஹெட்மாஸ்டர் சமீதின் ஆகாய் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் வாத்தியார் என்றால் ஆகாய், அண்ணன் மாதிரி. வாத்தியாரம்மா என்றால் எஜே, அக்கா மாதிரி.

"புருல், இனிமே யாருக்கும் ஜெர்மன் வேண்டாமாம். செப்டம்பர்லேர்ந்து நீ இங்கிலீஷ்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே ஆகாய்!"

"பசங்களுக்கு மட்டும் தெரியுமா? அவங்களுக்கு ஒரு பாடம் முன்னாடி நீ படிச்சுக்கோ. அவ்வளவுதான்."

வீட்டில் அவள் கணவன் தொக்தோசுன் விழுந்து விழுந்து சிரித்தான். "நேத்து வரைக்கும் ஜெர்மன்காரி, இன்னைக்கு இங்கிலீஷ்காரி. நாளைக்கு சீனாக்காரி ஆயிடுவியா? முன்னாடியே சொல்லிடு, குச்சில சாப்பிடப் பழகிக்கிறேன்."

நாரினில் மூன்று மாதப் பயிற்சி. திரும்பி வந்ததும் மூன்றாம் வகுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எழுத்துகளைப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். எந்த எழுத்தைப் பெரியதாகப் போடுவது என்பதில்தான் உயிர் போயிற்று. வாக்கியத்தின் தொடக்கம், ஆள் பெயர், ஊர் பெயர் எல்லாம் நம் கிர்கீஸ் மொழியிலும் உண்டு, சரி. கிழமைக்கும் மாதத்துக்கும் எதற்கு? அதைவிட, 'நான்' என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு எதற்கு? இரண்டு வாரம் பலகையில் எழுதி எழுதிச் சுண்ணக்கட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் மெதேர் என்கிற வாண்டு, தாத்தாவின் கல்பாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வகுப்புக்கு வந்து நின்றான். கழற்று என்று சொல்ல வாயெடுத்தவள், என்ன தோன்றியதோ, அவனை அப்படியே பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். அவனுக்குப் பக்கத்தில் நான்கு பிள்ளைகளை வெறுந்தலையோடு வரிசையாக நிறுத்தினாள்.

"இதுதான் வாக்கியம். ஆளுக்கொரு வார்த்தை. மெதேர்தான் முதல்ல வர்றவன். அதனால அவனுக்குக் கல்பாக். புரியுதா?"

புரிந்துவிட்டது. அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தரையில் வைக்கக் கூடாது, தூக்கி எறியக் கூடாது, அதை வைத்து விளையாடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள். தொப்பி தலையில் இருக்கும் நினைவு வந்ததும் மெதேரின் முதுகு தானாக நிமிர்ந்தது. மறுவாரம் வகுப்பில் ஏழு கல்பாக்குகள் சேர்ந்துவிட்டன. ஏழு தாத்தாக்கள் வெறுந்தலையோடு ஊரில் திரிந்தார்கள். 'நாரின்' ஆக நிற்க எல்லோருக்கும் ஆசை. கடைசியில் குந்தி உட்கார வேண்டிய முற்றுப்புள்ளியாக இருக்க ஒருவனும் வரமாட்டான்.

"எஜே, திங்கக்கிழமைக்கு எதுக்குக் கல்பாக்? அது என்ன பெரிய மனுஷனா?"

"அவங்க ஊர்ல பெரிய மனுஷன்தான். கேள்வி கேக்காம போடு."

"'நான்' மட்டும் எங்க நின்னாலும் கல்பாக் போட்டுக்குமா? தூங்கறப்பவாவது கழட்டுமா?"

"கழட்டாது. அதுக்குத் தலை குளிரும்."

முதல் வருடத்தில் அவளும் கூத்தடித்தாள். ஜெர்மனில் எல்லாப் பொருளின் பெயருக்கும் பெரிய எழுத்துதான். பழக்க தோஷத்தில் ஆட்டுக்கும் அடுப்புக்கும் நாற்காலிக்கும் கல்பாக் போட்டுவிட்டாள். அடுத்த கோடைப் பயிற்சியில் யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. செப்டம்பரில் வந்து பிள்ளைகள் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "ஆடு பாவம் எஜே, அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று ஒருத்தி அழுதேவிட்டாள்.

அந்த நாட்களைப் போல வரவே வராது. நிலக்கரி அடுப்பு புகையும், ஈரக் கம்பளி நாற்றமடிக்கும், ஒரு சுண்ணக்கட்டியை நான்காக உடைத்துப் பயன்படுத்துவாள். காலையில் ஜன்னல் பனியில் பிள்ளைகள் விரலால் பெரிய எழுத்து எழுதி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் புருல் அவற்றைத் திருத்திவிட வேண்டும். தொக்தோசுன் கேலிக்கு 'இங்கிலீஷ்காரி' என்றதுகூட உண்மையாகிவிட்டது: அவள் தூக்கத்தில் இங்கிலீஷ் உளற ஆரம்பித்திருந்தாள். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

நான்காம் வருடம், ஏப்ரல் மாதம், இடி விழுந்தது. ஆங்கிலப் பட்டம் இல்லாமல் ஆங்கிலம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அதிகாரி முன்னால் ஒரு திறந்த வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், தேறாவிட்டால் அந்த இடத்துக்குக் கல்லூரி முடித்து வருகிற புதுப் பெண்ணைப் போடுவோம் என்று வட்டாரக் கல்வி ஆபீஸிலிருந்து கடிதம். புருலிடம் இருந்தது ஜெர்மன் சான்றிதழ் மட்டும்தான்.

"பயப்படாத. தேறலன்னா லைப்ரரில உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்" என்றார் சமீதின் ஆகாய். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லாத அறையில் உட்கார்ந்து புத்தகத்தைத் தூசி தட்டுவதா?

பெயர்தான் திறந்த வகுப்பு. அதைவிட மூடி மூடிச் செய்கிற காரியம் எங்கள் பள்ளிகளில் வேறு கிடையாது. என்ன கேள்வி, யார் பதில், யார் எந்தத் தொப்பி எல்லாம் ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்த்து முடிந்துவிடும். சமீதின் ஆகாய்க்கு இதில் முப்பது வருட அனுபவம்.

"எல்லாப் பசங்களும் கை தூக்கணும் புருல். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீ வலது கையா பாத்துக் கூப்பிடு. பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு ரூமே கையா தெரியும்."

"சரி ஆகாய்."

"அப்புறம் அந்த மேய்ச்சக்காரர் பொண்ணு இருக்காளே, குந்துஸ். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்."

"நல்லாத்தானே இருக்கா?"

"வியாழக்கிழமை வரும்."

குந்துஸின் குடும்பம் அக்டோபர் கடைசியில்தான் மலையிலிருந்து மந்தையோடு இறங்கும். மே மாதம் தொடங்கியதும் மறுபடி ஏறிவிடும். வருடா வருடம் இரண்டு மூன்று மாதப் பாடம் அவளுக்குப் போய்விடும். கடைசி பெஞ்சில் அடுப்பருகே உட்கார்ந்திருப்பாள், வாயே திறக்க மாட்டாள். இருந்த ஏழு கல்பாக்கில் ஒன்றுகூட அவள் தலைக்கு ஏறியதில்லை. ஏற்ற வேண்டும் என்று புருலுக்கும் தோன்றியதில்லை.

ஆனாலும் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை மாலை குந்துஸை மட்டும் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"நாளைக்கு நீ இடது கையத் தூக்கிட்டு உக்காரு கண்ணு. உன்னக் கூப்பிடவே மாட்டேன். பயமில்ல, சரியா?"

"எல்லாக் கேள்விக்குமா எஜே?"

"எல்லாத்துக்கும்."

குந்துஸ் தலையாட்டினாள். ஹெட்மாஸ்டர் பேச்சை மீறி ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாகப் புருலுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வியாழக்கிழமை வட்டாரத்திலிருந்து சுயும்கான் என்கிற அம்மாள் வந்தாள். தங்கப் பல், மடியில் தடித்த நோட்டு, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. கடைசி வரிசையில், குந்துஸுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தாள். வகுப்பு வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் போயிற்று. கைகள் உயர்ந்தன, கல்பாக்குகள் தலை மாறின, முற்றுப்புள்ளியாக வந்தவன் வாக்கியம் முடிந்ததும் முகம் சுளிக்காமல் குந்தினான். சமீதின் ஆகாய் கதவோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் சுயும்கான். "இந்தப் பொண்ணு மொதல் கேள்வியிலேர்ந்து கையக் கீழயே போடல. நீங்க ஒரு தடவகூடக் கூப்பிடல. இவளக் கூப்பிடுங்க."

ஆகாய் இருமினார்.

"அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் காய்ச்சல்..."

"காய்ச்சக்காரி நாப்பது நிமிஷம் கையத் தூக்கிட்டு இருப்பாளா? வாம்மா. நான் சொல்றத இங்கிலீஷ்ல எழுது: திங்கட்கிழமை நானும் என் தோழியும் நாரினுக்குப் போகிறோம்."

இது ஒத்திகை பார்க்காத வாக்கியம். வலது கைக்காரர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குந்துஸ் எழுந்து வந்தாள். பலகையருகே நின்று, சுண்ணக்கட்டியை எடுக்காமல், புருலைப் பார்த்தாள். தெரியாமல் விழிக்கிற பார்வையாக அது இல்லை. அனுமதி கேட்கிற பார்வை. புருலுக்கு அது அப்போது விளங்கவில்லை. வகுப்பு போச்சு, இனி லைப்ரரி நாற்காலிதான் என்று நினைத்தபடியே தலையை அசைத்தாள்.

குந்துஸ் எழுதினாள். வாக்கியம் தொடங்கும் இடத்தில் பெரிய எழுத்து, கிழமைக்குப் பெரிய எழுத்து, 'நான்' என்பதற்குப் பெரிய எழுத்து, நாரினுக்குப் பெரிய எழுத்து. தோழியை வெறுந்தலையோடு விட்டாள். முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "உக்காரட்டுமா?" என்றாள்.

சுயும்கான் தங்கப் பல் தெரியச் சிரித்தாள். நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதினாள். வகுப்பு புருலுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் அறையில் தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் வேகவைத்த ஆட்டுக்கறியும் தயாராக இருந்தன. "நீ லேசுப்பட்டவ இல்ல புருல்! நல்லாப் படிக்கறவள ஒளிச்சு வச்சிருந்து கடைசில எறக்கிவிட்டியே! என்கிட்டகூடச் சொல்லல பாரு!" என்று ஆகாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். புருலும் சிரிக்கப் பார்த்தாள். நான்கு வருடமாக உயிராக நினைத்தது கையை விட்டுப் போகவில்லை. துள்ளிக் குதிக்க வேண்டியவள். ஆனாலும் தேநீர்க் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள்.

குந்துஸ் தனியாக அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முறை.

"குந்துஸ், உனக்கு இதெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வருஷத்துலேர்ந்து எஜே. மேல இருக்கறப்போ தம்பிக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அவனும் எழுதுவான்."

"தெரிஞ்சுட்டு ஏண்டி இடது கையத் தூக்கினே? தெரியாதவங்கதானே இடது கை?"

குந்துஸ் சாம்பல் வாளியைக் கீழே வைத்தாள். எஜேக்கு இது எப்படி மறந்துபோகும் என்பதுபோல ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கதானே எஜே சொன்னீங்க, நான் இடது கைன்னு."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா பெயர் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

புருல் அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளை இரண்டு குளிர்காலம் அடுப்பருகே உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கற்றிருக்கிறது. அவள் சொல்லாமல் சொன்னதையும் சேர்த்துக் கற்றிருக்கிறது. அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

"என்ன மன்னிச்சுடு கண்ணு" என்றாள்.

"எதுக்கு எஜே?" என்று கேட்டாள் குந்துஸ்.