பதிலை மொதல்ல சொல்லுங்க மேடம்

லஸ் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த மோகனரங்கம் ஞாயிற்றுக்கிழமை காலமானார். டைப்பிஸ்ட்தானே என்று நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை எனச் சிலர் பேசிக்கொள்கிறார்களாம்.

தவறு. எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் நின்று பதினோரு நாள் ஆகிறது. நான் மூன்றாவது மாடி, வயது எழுபத்தெட்டு.

அவர் மகள் போன் செய்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு நான்கு படி இறங்கினேன்... அந்த நான்கைத் திரும்பி ஏறக் கால் மணி நேரம்.

அவரிடம் ஒரு வழக்கம். என்ன கடிதம் கொண்டுபோனாலும் உடனே டைப் செய்ய மாட்டார்.

"லெட்டரு இருக்கட்டும் மேடம். அவுங்க இன்னா பதில் போடுவாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

நாம் சொல்லும் பதிலை ஒரு துண்டுத்தாளில் அடித்துக் கையில் கொடுப்பார்.

என் கணவர் இறந்த வருடம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ சொல்லிவிட்டார் என்று ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். துண்டுத்தாளில் ஒரே வரி: தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது.

அதை ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனேன். ரிட்டயர் ஆகும்வரை போனேன்.

பிறகு ஒரு முறை, டொரன்டோவில் இருக்கும் மகனுக்கு... உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று. என் கை நடுங்குவது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் டைப் செய்யப் போனேன்.

பதில்? "உடனே கிளம்பி வாம்மா" என்றேன். அவர் விரல் நின்றது.

"இது உங்க புள்ள போடற பதிலா, நீங்களே போட்டுக்கிற பதிலா மேடம்?"

ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கடிதமும் போகவில்லை. மகன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நான் மட்டும் போடவில்லை.

கட்டி முடிக்கும்வரை நான் எங்கே இருப்பது என்று அசோசியேஷனுக்கு எழுத வேண்டும். என்ன பதில் வரும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"யோசிச்சிட்டு வாங்க மேடம். மிஷின் இங்கதான் கீது."

யோசித்துக்கொண்டே இருந்தேன். லிஃப்ட் நின்றது.

கேட்டால் செக்ரட்டரி சிரிக்கிறார். "இடிக்கப்போற பில்டிங்குக்கு லிஃப்ட் எதுக்கு ஆன்ட்டி? சைன் பண்ணுங்க, சேரோட தூக்கிட்டுப் போய்க் கீழ விட்டுடறோம்."

நேற்று எனக்கு வேண்டிய பதிலை நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மோகனரங்கம், அதுவும் நானே போட்டுக்கொண்ட பதில்தான்.

போய் வாருங்கள். முப்பது வருடத்தில் ஒரே ஒரு எழுத்துப்பிழை... அதை மன்னித்துவிட்டேன்.

செக்ரட்டரி அவர்களுக்கு: நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் லிஃப்டை ரிப்பேர் செய்வீர்களா? போட்டால், கட்டி முடிக்கும்வரை நான் இருக்கும் இடம் எது?

பதிலை அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். தாளில் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டு, என் கதவுக்கடியில் தள்ளிவிடுங்கள்.