வெருளி உடுத்த சாரம்

வவுனியா கடைத்தெருவில் ஆண்கள் உடுக்கும் சாரம் விற்ற மஹ்றூப் இப்போது இல்லை. அவர் நெய்வித்த ஒரேயொரு புது டிசைனில் ஒரு சாரம் மகளின் அலுமாரியில் இருக்கிறது. மற்றவை வயல்களில் உக்கிப் போயின.

2003 முடிகிற நேரம். எதிர்க்கடை நவ்பர் ‘மாப்பிள்ளைக் கட்டம்’ என்று ஒரு சாரத்தை இறக்கி, மஹ்றூபின் வாடிக்கையாளர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிட்டான்.

“ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வன்னியில ஒருத்தரும் கண்டிராத டிசைன் இறக்குறன், இருந்து பாருடா!” என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டார் மஹ்றூப். டிசைன்தான் கைவசம் இல்லை.

உயிரியல் படிக்கும் மகள் முஃப்லிஹா பல்கலைக்கழக லீவில் வந்து கணினியைத் திறந்தாள். திரை முழுக்க நிறக் கட்டங்கள். மஹ்றூப் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது என்ன கட்டம், மகள்?”

“பயிர்களின்ர புரதம், வாப்பா. முதல் வரி நெல்லு. கீழ கோதுமை, சோளம். எது எங்க ஒத்துப்போகுதெண்டு இந்த மென்பொருள் நிறத்தில காட்டும்.”

“என்ன விலை?”

“இலவசம். ஆரும் எடுக்கலாம்.”

மஹ்றூபின் முகம் சுருங்கியது. பழுதில்லாத துணியை எவனும் சும்மா தரமாட்டான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலத் திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். அகப்பட்டது. நிறங்களுக்கு நடுவே அங்கங்கே வெள்ளை.

“பாத்தியா? நூல் அறுந்திருக்கு. அதான் சும்மா தந்திருக்கிறான்.”

“அறுந்ததில்ல வாப்பா. மற்றதில இருக்கிற துண்டு அந்தப் பயிரில இல்ல. அந்த இடைவெளிதான் முக்கியம்.”

“பழுதுக்கு எல்லாக் கடைக்காரனும் ஒரு கதை வச்சிருப்பான்.”

ஆனாலும் டிசைன் அவரைப் பிடித்துக்கொண்டது. நிறத்தில் அச்செடுத்து மருதமுனை நெசவாளர் ஒருவருக்கு அனுப்பினார். “வெள்ளை விழுந்த இடத்தையெல்லாம் நிரப்பிப் போடுங்க” என்று தொலைபேசியிலும் சொன்னார்.

பார்சல் வந்தது. முஃப்லிஹா ஒன்றை விரித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“வாப்பா, நெல்லையும் சோளத்தையும் ஒண்டாக்கிட்டீங்களே!”

“பழுது தீர்த்துத் தந்திருக்கிறன். அந்த மென்பொருள்காரனுக்கும் ஒண்டு அனுப்பு.”

கடை வாசலில் தொங்கவிட்டார். தெருவே வந்து பார்த்தது. ஒருவரும் வாங்கவில்லை. “இத உடுத்துப் பள்ளிக்குத் தொழப் போனா, பின்னால நிக்கிறவங்களுக்கு எத்தனையாவது ரக்அத்தெண்டே மறந்துபோகும்” என்றார் மனைவி ஹாலிதா.

“மஹ்றூப் நானா, இன்னும் ஒருத்தரும் கண்டிராத டிசைன்தானோ?” என்று நவ்பர் தினமும் விசாரித்தான்.

பெருநாளுக்கு முதல் நாள், புளியங்குளத்துக் கமக்காரர் தில்லைநாதன் கடை வாசலில் நின்றார். சாரத்தைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கி, மறுபடி வந்தார்.

“முதலாளி, இந்த டிசைனில இருக்கிறதெல்லாம் தாங்கோ.”

“எல்லாமோ!” நவ்பருக்குக் கேட்கட்டும் என்று மஹ்றூப் கத்தினார். “வீட்டில கலியாணமோ?”

“இல்லை, கிளி விரட்டுற வெருளிப் பொம்மைக்கு. ஒரு கதிரும் மிஞ்சுதில்லை. இதைப் பாத்து எனக்கே தலை சுத்துது. கிளி கிட்ட வராது.”

நவ்பர் சிரித்த சிரிப்பில் அவன் கதிரை சரிந்தது. மஹ்றூப் சாரப் பொதியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன பயிர்?”

“நெல்லுத்தான்.”

“அப்ப சரி. முதல் வரி நெல்லுதான்.”

மகளுக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தார்.

பெருநாள் கழிந்ததும் புளியங்குளத்துக்கு பஸ் ஏறினார். கிளிகள் அந்த வயலை விட்டு விலகிச் சுற்றிப் போயின. ஆனால் வெருளியின் சாரம் நெஞ்சில், கம்பியால் கட்டியிருந்தது. மஹ்றூப் சேற்றில் இறங்கி, அதை அவிழ்த்து, இடுப்பில் மடித்துச் செருகிவிட்டார்.

“உடுக்கிற முறையில உடுத்தி விடுங்கோ ஐயா. நாலு பேர் பாக்கிற இடம்.”

திரும்பி வந்தவர் தன் கடைக்குக்கூடப் போகவில்லை. நேரே நவ்பரின் முன்னால் போய் நின்றார், சேற்றுக் காலோடு.

“உன்ர சாரம் உடுத்தவனெல்லாம் பிரியாணி திண்டுபோட்டுப் படுத்துக் கிடக்கிறான். என்ர சாரம் உடுத்தவன் இன்னும் குந்தக்கூட இல்லையடா, நிண்டு வேலை செய்யிறான்!”