டீசலுக்கு ஈடாக ஒரு ஸ்டெப்னி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த சமயம். திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்கில் நான் கேஷியர். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அன்று காலை பதினோரு மணிக்கு, கால்வாய் தோண்டும் இடத்தில் பொக்லைன் பட்டு கேபிள் அறுந்துவிட்டது. ஏரியா முழுக்க நெட் இல்லை. போன் மட்டும் விட்டு விட்டுப் பேசியது. கார்டு மிஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட் இல்லை, ரொக்கம் மட்டும்" என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டச் சொன்னேன். மாட்டுவதற்குள் ஒரு கன்டெய்னர் லாரிக்கு நூறு லிட்டர் டீசல் இறங்கிவிட்டது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். டிரைவர் கார்டோடு கவுன்டருக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். மிஷின் வேலை செய்யவில்லை என்றதும் சட்டைப் பையைத் துழாவினார். அறுநூறு ரூபாய் இருந்தது. கார்டு லாரி ஓனருடையதாம். ஓனருக்குப் போன் போட்டார். "கார்டு குடுத்துகீறேன்ல" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நான் என் முதலாளிக்குப் போட்டேன், அவர் எடுக்கவே இல்லை.

"யக்கா, கப்பலுக்கு நாலு மணிக்கு ஆர்பர் கேட்டை மூடிடுவாங்க. இந்தப் பெட்டி உள்ள போவலன்னா ஓனரு என்ன வண்டிய வுட்டு எறக்கிடுவாரு. வூடு வியாசர்பாடிதான், எங்க ஓடப் போறேன்? நெட்டு வந்ததும் வந்து தேச்சிட்டுப் போறேன்."

நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி பேசிவிட்டுப் போன ஒருவன் திரும்பவே இல்லை. என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். அதிலிருந்து யார் முகத்துக்கும் நான் மசிவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எல்லாரும் இதான் சொல்றாங்க. எதுனா வச்சிட்டுப் போபா" என்றேன்.

லைசென்ஸை வைத்தால் துறைமுகத்துக்குள் விட மாட்டார்கள். லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையில் காசு இல்லாவிட்டால் மாற்று டயரான ஸ்டெப்னியை வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பும்போது பணம் கட்டி எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்லாமலே அவர் போய்க் கழற்றினார். பம்பில் நிற்பவர்கள் இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்தார்கள். "ஸ்டெப்னி ஒன்று" என்று ஒரு சீட்டில் எழுதி, என் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு நெட் வந்தது. கொஞ்ச நேரத்தில் போன்.

"யக்கா, டயரு வச்சிட்டு வந்தேனே, நான்தான். காசிமேட்டுக்கு முன்னாடி லைன்ல கீறேன். முன் டயரு வெடிச்சிடுச்சி. ஸ்டெப்னி உன்னாண்டதான கீது."

குரலில் துளி கோபம் இல்லை. எனக்கோ, டயரை மீட்டுக்கொள்ள நாடகம் போடுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. "நெஜமாவா?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டேன். அவர் போனை வெளியே நீட்டினார் போலிருக்கிறது. வரிசையாக ஹாரன் சத்தமும், பின்னால் நிற்பவர்கள் அவரைத் திட்டுவதும் கேட்டது.

சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து டயரை ஏற்றி, நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். கிளம்பும்போது மறக்காமல் கார்டு மிஷினைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கே அவர் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, வெடித்த டயரைக் கழற்றித் தயாராக இருந்தார். ஸ்டெப்னி ஒன்றுதான் பாக்கி. ஆனால் வண்டி நின்றதும் அவர் டயரைத் தொடவில்லை. கையிலிருந்த கிரீஸை லுங்கியில் துடைத்துவிட்டு கார்டை எடுத்தார்.

"மொதல்ல உன் வேலைய முடிச்சிக்கக்கா."

"அது கிடக்கட்டும், டயரை மாட்டுபா" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிஷினை எடுத்து நீட்டினேன். முதல் தடவை பணம் விழவில்லை. இரண்டாவது தடவையும் வட்டம் சுற்றியே நின்றது. மூன்றாவது தடவை சீட்டு வந்தது. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். அதுவரை அவர் வெயிலில் நின்று மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கி மடித்து வைத்த பிறகுதான் குனிந்தார்.

மனசு கேட்காமல் சாயங்காலம் போன் செய்தேன். "நான் போறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கேட்டை மூடிட்டாங்கக்கா" என்றார். ஓனர் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டாராம். சாரி என்றேன். "நீ இன்னா பண்ணுவ, நெட்டு இல்ல" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து வேறு ஓனரின் லாரியோடு எங்கள் பங்குக்கே வந்தார். இன்றும் வருகிறார். வண்டியை நிறுத்தியதும், டீசல் போடுவதற்கு முன்பே கவுன்டருக்கு வந்து கார்டை நீட்டுவார். குத்திக் காட்டுவதற்காக இல்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். "மொதல்ல டீசல் போடட்டும்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், அவர் கேட்பதில்லை. அந்த ஏழெட்டு நிமிடத்தை இனி எந்த மிஷினில் தேய்த்தும் அவருக்குத் திருப்பித் தர முடியாது என்று, கார்டை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது.