கழுகு இறங்கிய நாள்

கட்டுமான இடத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். அங்கிருந்த மூன்று கிரேன்களில் உயரமானது அவருடையது. இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே தரையில் கிடக்கும் ஆணி இரண்டங்குலமா மூன்றங்குலமா என்று சொல்லிவிடுவார் என்று வேலையாட்கள் அளப்பார்கள். அவரும் மறுத்ததில்லை. "ஆணி மட்டுமா? அதை எவன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போறான்னும் தெரியும்" என்பார்.

நான் அதே இடத்தில் மருத்துவ அறை எழுத்தர். இந்த வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த புதிதில், தங்க இடமில்லாமல் ஒரு மாதம் அவர் வீட்டில்தான் கிடந்தேன். இந்த வேலையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான். அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. அண்ணியின் கூடப்பிறந்த ஒரே தம்பிக்கும் அங்கேயே வேலை. சுமை இறங்கும் இடத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்று, மேலே இருப்பவருக்குக் கை காட்ட வேண்டும். மேலே அத்தான், கீழே மச்சான், நடுவில் நாலு டன் இரும்பு. எது தவறி விழுந்தாலும் முதலில் அவன் தலையில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அண்ணிதான் முதலில் கவனித்தாள். அவர் ஊற்றிய தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. "என்னங்க, கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே?" என்று கேட்டாள். "கண்ணுக்கென்ன? இந்த வீட்டு பல்புக்குத்தான் கண்ணு தெரியலை" என்றார். சிரித்துவிட்டு எல்லோரும் பேச்சை மாற்றினோம்.

அதன் பிறகு மச்சான் கை காட்டுவதோடு வாக்கி டாக்கியிலும் ஓயாமல் பேச ஆரம்பித்தான். "அத்தான், இன்னும் மூணு மீட்டர்... ரெண்டு... ஒண்ணு... போதும்." என் அறையிலும் முதலுதவிக்காக ஒரு வாக்கி டாக்கி இருந்தது. நாள் முழுவதும் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய நாள் கழுகு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, அந்தக் கண்ணு பலகையில கடைசி ரெண்டு வரி என்னன்னு சொல்லேன்."

"எதுக்குண்ணா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. டாக்டரைப் பார்த்தாதான் படபடன்னு வருது. பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைங்க படிக்கிற மாதிரி வச்சுக்கோயேன்."

எனக்குப் புரியாமலில்லை. வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். அவருடைய இரண்டு பெண்களுக்கும் படிப்பு பாதியில் நிற்கும். ஒரு தாளில் அந்த எழுத்துகளை எழுதினேன். சின்னதாக எழுதினால் அவருக்குத் தெரியாதே என்று கை தானாகவே பெரிதாக எழுதியது. செய்வது என்னவென்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் தேறிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிரேனின் கொக்கி தெரியும். மதியச் சாப்பாட்டை ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். எங்காவது தகரம் விழுந்தால் போதும், கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கும். ஒரு விநாடி கழித்து வாக்கி டாக்கியில் மச்சான் குரல் கேட்கும். அதன் பிறகுதான் மூச்சு வரும்.

விடுமுறை நாட்களில் ஜெபக்கூட்டம் அவர் வீட்டில்தான். சுவிசேஷத்தைக் கதை போலச் சொல்லுவார். ஒருநாள், இயேசுவிடம் வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி கேட்ட இரண்டு சீஷர்களைப் பிடித்துக்கொண்டார்.

"கூடவே நடந்தாங்க, கூடவே சாப்பிட்டாங்க. கண்ணு பூரா நாற்காலி மேல! அடுத்தாப்ல பாருங்க, வழியோரமா ஒரு குருடன். வர்றது யாருன்னு அவனுக்குத் தெரியுது. கத்துறான். கூட இருக்கிறவன் எல்லாம் என்ன சொல்றான்? 'டேய், வாயை மூடு!'ன்னு அதட்டுறான். இப்ப சொல்லுங்க, யாரு குருடன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் மட்டும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். முடிவில் அவர் வழக்கமான ஜெபத்தைச் செய்தார்: "ஆண்டவரே, எனக்குக் குடுத்த இடத்துல என்னை நிலைநிறுத்தும்." அண்ணி 'ஆமென்' சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள்.

அது நடந்தது ஒரு காலை, பத்து மணி இருக்கும். கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "அத்தான், நாலு மீட்டர்" என்ற குரல் பாதியில் அறுந்தது. மச்சானின் வாக்கி டாக்கி செத்துவிட்டது. நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். அவன் கையை உயர்த்தி வீசிக்கொண்டிருந்தான். கம்பிக் கட்டுக்கு நேர் கீழே இரண்டு பேர், ஒன்றும் தெரியாமல் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலேயிருந்து ஹாரன் நீளமாக அலறியது. கட்டு அந்தரத்தில் நின்றது. கீழே இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிதறி ஓடினார்கள்.

யாரோ வேறொரு வாக்கி டாக்கியை மச்சானிடம் கொடுத்தார்கள். "நல்லவேளை, நிறுத்திட்டீங்க. ஆள் போயாச்சு. இறக்குங்க அத்தான்."

கட்டு அசையவில்லை.

"மாப்ளே," என்றது கழுகின் குரல், "நீ கை காட்டினது நிறுத்துன்னா, இறக்குன்னா?"

"நிறுத்துன்னுதான். அதைப் பார்த்துத்தானே நிறுத்தினீங்க?"

"பார்த்து நிறுத்தலை. எதுவுமே தெரியலைன்னு நிறுத்தினேன். மஞ்சளா என்னமோ ஆடுது. மனுஷனா மரமான்னு தெரியலைடா."

"அத்தான், பேசாதீங்க! எல்லாரும் கேக்குறாங்க!"

என் கையிலிருந்த வாக்கி டாக்கியில் நானும் பேசினேன். "அண்ணா, சும்மா இருங்க. கீழ வந்து பேசிக்கலாம்."

அந்த இடத்தின் எல்லா வாக்கி டாக்கிகளிலும் அவர் குரல் முன்னைவிடச் சத்தமாக வந்தது. "எனக்குக் கண்ணு தெரியலை! வேற ஆளை மேல அனுப்புங்க! எனக்குக் கண்ணு தெரியலை!"

கலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு டன் இரும்பு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கிரேன்காரர் ஏறிப்போய்க் கட்டை இறக்கினார். பிறகு மச்சான் ஏறினான். கழுகுக்கு ஒரு படி கீழே நின்று, அவர் காலைப் பிடித்துப் பிடித்துப் படியில் வைத்தான். "வலது காலு... இப்ப இடது... ஆங், அவ்வளவுதான்." இருபது மாடிக்கும் அதே குரல்.

பின்னொரு நாள் கண் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது அவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஜெபம் பண்ணினேன் தம்பி. நாற்காலியைத்தான் கேட்டேன். ஒரு நாள்கூடக் கண்ணைக் கேக்கலை. கேட்டா உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுடுமே." மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார்கள் அங்கே.

ஆனால் அன்று, கிரேனிலிருந்து நேராக என் அறைக்குத்தான் கூட்டி வந்தார்கள். டாக்டர் பலகைக்கு முன்னால் அவரை நிறுத்தினார்.

"படிங்க."

"மேல பெருசா ஒண்ணு இருக்கு. என்ன எழுத்துன்னு தெரியலை."

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "ஆறு மாசம் முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கீங்களே?"

"மனப்பாடம் பண்ணியிருந்தேன்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

கழுகு நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மச்சான் தரையைப் பார்த்தான். எனக்கு என் மகனின் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை, அனுமதிச் சீட்டில் இருக்கும் தேதி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெஞ்சில் உட்கார்ந்தன. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் இருபது மாடி இறங்கி வந்திருந்தார். நான் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்தேன்.

"டாக்டர், நான்தான்..." என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தம்பி, பேசாம இரு!" என்று அதட்டினார் கழுகு.

நான் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.