கூலி கேட்டு நான் செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அஞ்சாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் பக்கம் கெலமங்கலத்தில் நானும் என் தங்கை மகள் ஜெனிட்டாவும் இருக்கிறோம். தங்கை போன பிறகு நான்தான் அவளை வளர்த்தேன். ரோஜாத் தோட்டத்தில் பூவைக் கட்டி பெட்டியில் அடுக்குவது என் வேலை. அவள் படிப்பது ஆர்க்கிடெக்ட் படிப்பு, நாலாம் வருஷம். அதில் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பயிற்சி வேலை செய்தாக வேண்டும். இடம் கிடைத்த கடிதத்தைக் காலேஜ் சொன்ன நாளுக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் வீண்.

போன தீபாவளி முடிந்ததும் தேட ஆரம்பித்தாள். தான் வரைந்ததையெல்லாம் சேர்த்து பெங்களூர் ஆபீசுகளுக்கு அனுப்பினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்கள், வா, ஆனால் சம்பளம் கிடையாது என்றார்கள். ஒருவர் போனில் பேசியதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"கத்துக்கத்தானே வர்றீங்க? நியாயமா நீங்கதான் எங்களுக்குக் கொடுக்கணும்" என்று சிரித்தார்.

காலையில் போனால் இருட்டும் வரை வரைய வேண்டுமாம். அதற்குச் சம்பளம் இல்லையாம். பெங்களூரில் தங்கிச் சாப்பிட்டு, சும்மா உழைக்க எங்களுக்கு எங்கே வழி?

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சம் அல்ல. எங்கள் தெருவில் பத்தாவது முடித்த பையன்கள் கம்பெனிக்கு டிரெய்னியாகப் போகிறார்கள். அவர்களும் கற்றுக்கொள்ளத்தானே போகிறார்கள்? தெருமுனைக்கு பஸ் வருகிறது, கேன்டீனில் சாப்பாடு, மாதம் பிறந்தால் பணம். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? தினமும் முழங்காலில் நின்றேன். வலி வந்தது, வழி வரவில்லை. ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜெனிட்டா சொன்னாள்.

"பெரிம்மா, நான் படிப்ப விட்டுடறேன். செல்போன் கம்பெனில பொண்ணுங்கள எடுக்கறாங்க. ஆஸ்டல் உண்டு. திங்கக்கிழமை பஸ்ஸுல ஏறச் சொல்லிட்டாங்க."

"அப்போ இத்தன நாளா வரைஞ்சதெல்லாம்?"

"அடுப்புல போடு. கேஸ் மிச்சமாகும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அன்று மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மா வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டார். நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன், குடும்ப சமாதானம் என்று. எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா விடவில்லை.

"வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. வாராவாரம் சமாதானம் கேக்கற அளவுக்கு அப்படி என்னக்கா சண்ட போடறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சத்தமாகவே ஜெபித்துவிட்டேன்.

"ஆண்டவரே, எனக்கு சமாதானம் வேண்டாம். வேலை வாங்கினா கூலி கொடுக்கணும். என் பொண்ணு வரையறதுக்குக் கூலி கொடுக்கற ஒரு ஆபீசு இந்த ஊர்ல இல்லியா? நீரும் தச்சு வேலை செஞ்சவர்தானே, உமக்குத் தெரியாதா?"

வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்போது பக்கத்தில் இருந்த ரத்னம்மா என் கையைப் பிடித்தார். கர்நாடக எல்லையில் இருக்கிற தளியிலிருந்து வந்து குடியேறியவர்.

"யாக்கம்மா இஷ்டு கோபா?" என்று, ஏனம்மா இவ்வளவு கோபம் என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "பொண்ணு என்ன படிக்குது?"

சொன்னேன்.

"அய்யோ! ஓசூர்ல எங்க அண்ணன் ஆஸ்டல் கட்டறாரு. பிளான் போடற மேடம் ஆர்க்கிடெக்ட்தான். அவங்ககிட்ட படிக்கற பொண்ணு ஒண்ணு மாசாமாசம் பணம் வாங்கிட்டு வேலை செஞ்சுது. அது முடிச்சுட்டுப் போயிருச்சு. ஆளு வேணும்னு மேடம் கேட்டுட்டே இருக்காங்க. இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

இத்தனை வாரமும் அவர் எனக்கு அடுத்த பாயில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜெனிட்டாவை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இந்த மாடிப்படில ஏறினா தல இடிக்கும்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"திருத்தித் தரேன் மேடம். அதுக்கும் ஸ்டைபண்ட் பணம் உண்டா?" என்று கேட்டாள் என் பிள்ளை.

"திருத்தறதுக்குத்தான் ஸ்டைபண்டே" என்று சொல்லிச் சிரித்தார். கடிதத்தை அங்கேயே கொடுத்தார். காலேஜ் சொன்ன நாளுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அடித்துவிட்டுப் போய்விட்டது. ஸ்தோத்திரம் என்று சொன்னேன், அழுதேன்.

இப்போது ஜெனிட்டா வரைவது ரத்னம்மாவின் அண்ணன் கட்டுகிற அந்த ஆஸ்டல்தான். அதே செல்போன் கம்பெனிப் பெண்கள் தங்கப் போகிற இடம். "ஷிப்ட் முடிஞ்சு பகல்ல தூங்கறவங்க ரூமுக்கு வெயில் வரக்கூடாது பெரிம்மா" என்று ஜன்னலை மாற்றி மாற்றி வரைகிறாள். அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் அப்படி ஒரு அறையில் அவளே தூங்கியிருப்பாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் என் கோபம் முழுக்கப் போகவில்லை. அவளோடு படிக்கிற மூன்று பிள்ளைகள் இன்னும் சம்பளம் இல்லாமல்தான் வரைகிறார்கள். இப்போது அதுதான் என் ஜெபக் குறிப்பு, அப்படியே சொல்கிறேன். சகோதரிகளே, உங்கள் கஷ்டத்துக்கு வேறு பேர் வைத்து ஜெபிக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் கேளுங்கள், அவர் தாங்குவார். பக்கத்துப் பாயில் இருப்பவர் காதிலும் விழும்படி கேளுங்கள்.