மதியம் ஒன்று ஐம்பத்திரண்டு

நம்பச் சொல்லிக் கேட்கவில்லை, நடுவில் எழுந்து போகாமல் இருந்தால் போதும். ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது நிமிடமே எழுந்து போயிருப்பேன். இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலையே எதையும் நம்பாமல் இருப்பதுதான். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கணக்கு வைப்பவன். ஒருத்தன் வந்து இரண்டு பேர் கார்டை அடிப்பான், இன்னொருத்தன் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாமியார் செத்துவிட்டதாக லீவு எழுதிக் கொடுப்பான், அதையெல்லாம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாய்லர் ரூமுக்குப் பின்னால் ஏதோ நடமாடுகிறது என்று ஒரு தடவை ஒரு ஷிப்ட் ஆட்கள் எல்லோருமே கதை கட்டியபோது, "தூங்குவதற்கு இடம் பிடிக்கிறார்கள்" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவன் நான்.

ரிடையர் ஆன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை ஒழுங்கு பண்ணி வட்டார அருங்காட்சியகம் ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு அறை. துறைமுகத்தில் மூட்டை இழுத்த கொக்கிகள், நம்பர் குத்திய பித்தளை வில்லைகள், உப்பளத்தில் உப்பு வாரும் பலகை, பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் இருந்து வந்த சிவப்புக் கண்ணாடி விளக்கு, இந்த மாதிரி. அதைக் கவனித்துக்கொண்ட கலைவாணி மேடம், "ஃபேக்டரி சாமான்களுக்கெல்லாம் நீங்களே குறிப்பு எழுதிக் கொடுங்கள் சார்" என்றார்கள். சந்தோஷமாகப் போனேன்.

போன இரண்டாவது மாதம் ஒரு கடிகாரம் வந்தது. கார்டு அடிக்கிற கடிகாரம். எண்ணூர் ரோட்டில் எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியின் கேட்டில் மாட்டியிருந்தது. தேக்குப் பெட்டி, கீழே கார்டு செருகும் வாய், பக்கத்தில் ஒரு இரும்புப் பிடி. கார்டைச் செருகிப் பிடியை அழுத்தினால் தேதியும் மணியும் அதில் விழும். திறந்து பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங்கே இல்லை, யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். மை ரிப்பன் காய்ந்து, தொட்டால் கருகிய வாழைச் சருகு மாதிரி உதிர்ந்தது. செத்த சாமான். அதோடு ஒரு கட்டு எழுதாத கார்டும் வந்திருந்தது. பார்ப்பவர்களுக்குப் புரியட்டும் என்று மேடம் அதில் இருபது கார்டை எடுத்துப் பக்கத்து மரத் தட்டில் வரிசையாகச் செருகி வைத்தார்கள்.

மறு வாரம் ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்து அறையைத் திறக்கிறேன், மூன்றாவது கார்டு கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எடுத்தால் அதன் பின்பக்கம், அதுவும் தலைகீழாக, ஊதா மையில் 9, பக்கத்தில் 1.52.

முதலில் வாட்ச்மேன் பாஷா பாய் மேல்தான் சந்தேகம். சாவி அவரிடம்தான் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னா சார், என் மேலயே டவுட்டா? அந்தக் கடியாரத்தப் பாத்தாலே எனக்குப் பேஜாரா கீது. நான் இன்னாத்துக்கு அத்தத் தொடப் போறேன்?" என்று முகம் சுருங்கிப் போனார்.

மறுநாளும் அதே மாதிரி. அதே ஒன்பது, அதே ஒன்று ஐம்பத்திரண்டு, அதே தலைகீழ். எவனோ கார்டு பிடிக்கவே தெரியாதவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். சாவியை நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளும் இருந்தது. தேதிச் சக்கரத்தை விரலால் தள்ளி இருபத்திரண்டில் வைத்தேன், முள்ளை நாலு இருபதுக்குத் திருப்பினேன். அடுத்த நாள் முள் நாலு இருபதில்தான் நின்றது, கார்டில் ஒன்பது, ஒன்று ஐம்பத்திரண்டு.

அப்போதும் நான் பேய் என்று நினைக்கவில்லை. நான் நினைத்தது கலைவாணி மேடத்தை. கூட்டம் வரவில்லை, பேப்பரில் நாலு வரி வந்தால் வரும், அதற்காகச் செய்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர்கள் டீ கொடுத்தால்கூட முகம் பார்க்காமல் வாங்கினேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. "உங்களுக்கு என் மேல் என்ன கோபம் சார்?" என்று நேராகவே கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் போக மனம் வரவில்லை.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அறைக்குள் இருந்தபடியே தாழ் போட்டுவிட்டு, கடிகாரத்துக்கு நாலடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பட்டப்பகல். ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தம். ஒன்றே முக்கால் வரைக்கும் ஒன்றும் இல்லை, எனக்கே சிரிப்பு வந்தது. கால் மரத்துப்போனதால் எழுந்து கடிகாரத்துக்கு முன்னால் நின்றேன். அப்போது ஒரு வாடை வந்தது. மெஷின் ஆயில், வியர்வை, பீடி, எல்லாம் சேர்ந்த ஷிப்ட் வாடை. அது எனக்குத் தெரியாத வாடையா? அதோடு, நீங்கள் சிரித்தாலும் சரி, என் உடம்பு தானாக ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தது. கார்டு அடிக்க ஆள் வந்தால் வழி விட்டு நகர்வேன் இல்லையா, அதே மாதிரி. நான் நகரவில்லை, உடம்பு நகர்ந்தது. உடனே "டங்" என்று ஒரு சத்தம். பிடி கீழே இறங்கி மேலே வந்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

கதவைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெளியே வந்து பாஷா பாயிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

அடித்த கார்டுகளை ஒவ்வொன்றாக என் பையில் போட்டு, கட்டில் இருந்து வேறு கார்டைத் தட்டில் செருகி வந்தேன். பதினொன்று சேர்ந்திருந்த சமயத்தில் எர்ணாவூரில் இருந்து ஒரு மகளிர் குழு சுற்றிப் பார்க்க வந்தது. உப்புப் பலகையைப் பார்த்ததும் இரண்டு பேர் அதைப் பிடிக்கும் விதத்தையே செய்து காட்டினார்கள், ஒரே சிரிப்பு. ஒரு அம்மா மட்டும் கடிகாரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். எழுபது வயது இருக்கும், பேர் சரோஜா. கடிகாரத்தில் இருந்த கம்பெனியின் பெயரைப் பக்கத்தில் இருந்தவள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

நான் போய் வழக்கம்போல விளக்கம் சொன்னேன். ஆள் வந்தால் கார்டில் விழும், வராவிட்டால் விழாது, இதை ஏமாற்ற முடியாது என்றேன்.

"அப்ப கார்டே இல்லன்னா இன்னா நைனா அர்த்தம்?" என்று கேட்டார்.

"அன்றைக்கு அவர் வரவில்லை என்று அர்த்தம் அம்மா."

"அப்டித்தான் சொன்னாங்கோ." கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க வூட்டுக்காரரு ரெண்டு மணி ஷிப்டுக்குப் போனாரு. டப்பாவ நான்தான் கட்டிக் குட்த்தேன். ராத்திரி வர்ல. காலீல போயிக் கேட்டா, நேத்து வரவே இல்லம்மா, கார்டு இல்லன்ட்டாங்கோ. உள்ள ஒரு கொட்டாயி பக்கம் ஒரு வாரம் யாரையும் வுடலயாம், அது இன்னாத்துக்குன்னு கேட்டா பதிலு இல்ல. எவளோடவோ ஓடிட்டாருன்னு பேசிட்டாங்கோ. நாப்பது வருசமாச்சு, என் புள்ளயே அத்தத்தான் நம்பிகினு கீறான்."

என் கை பையில் இருந்த கார்டுகளைத் தொட்டது. இருந்தாலும் பழைய புத்தி போகவில்லை, இந்த அம்மாவே யாரையாவது வைத்து இதைச் செய்கிறாரோ என்றும் ஒரு கணம் தோன்றியது. அதனால் நானாக எதையும் சொல்லவில்லை.

"என்ன தேதி அம்மா அது?"

"ஒம்பது. மறப்பனா நானு?"

"கார்டை அவர் எப்படி அடிப்பார் என்று ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதுக்குத்தான் டெய்லி திட்டு வாங்குவாரு. எய்த்து தெரியாதா, கார்ட தலகீயா சொருவிடுவாரு. வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

பையில் இருந்து பதினொரு கார்டையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கலைவாணி மேடம் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள், அவர்களுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். சரோஜா அம்மா ஒவ்வொரு கார்டாக எடுத்து அந்த ஊதா எழுத்தைத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"வந்துகீறாரு, பாத்தியா. வேலைக்கு வந்துகீறாரு" என்றார். கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து அதையே இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

போகும்போது ஒரு கார்டை என்னிடம் கொடுத்துப் புருஷன் பேரை எழுதச் சொன்னார். ஏகாம்பரம் என்று எழுதினேன். அதைத் தட்டில் அவரே செருகினார். மற்றவற்றை மகனிடம் காட்டப் போகிறேன் என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மகன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாளில் இருந்து கடிகாரம் அடிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பாஷா பாய் ஒரு கார்டோடு வந்தார். "சார், இது இன்னா புச்சா கீது? தேதி வேற, டைம் வேற." முன்பக்கம், நேராக, 23, காலை 6.07.

தெரியாது பாய் என்றேன். பொய். எனக்குத் தெரியும், என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் தொழிற்சாலையில் தனசேகர் என்று ஒரு பையன் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் வேலை செய்தான். ஒரு நாள் காலை ஏழு நிமிடம் லேட்டாக வந்தவன், வந்த வேகத்தில் கையை உள்ளே விட்டுவிட்டான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கிற தடுப்பைக் கழற்றி வைத்திருந்த மெஷின் அது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவன் இன்றைக்கு டூட்டியிலேயே இல்லை, புரிந்ததா என்றார். நான் போய் அவன் கார்டை எடுத்து நாலாகக் கிழித்தேன். கிழிக்கும் முன்னால் பார்த்தேன், 23, 6.07. வாசலில் வந்து நின்ற அவன் சம்சாரத்திடம், "அவர் இன்றைக்கு வரவே இல்லையம்மா" என்று சொன்னதும் நான்தான். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு கார்டு. பாஷா பாய் வருவதற்குள் போய் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். எண்ணவும் தைரியம் இல்லை. கடைசியில், நேற்றைக்குத்தான், விசாரித்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன். அவன் இறந்திருப்பான், அதனால்தான் இப்படி நடக்கிறது என்று எனக்குள் முடிவே பண்ணியிருந்தேன். இறந்திருந்தால் நல்லது என்றுகூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நினைத்திருந்தேன்.

உயிரோடு இருக்கிறான். தலை நரைத்துப்போய், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, இடது கையால் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். பேர் சொல்லவில்லை, வாயையே திறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பார்க்காத ஆள், என் தலையும் வழுக்கை.

அவன் தலையைத் தூக்காமலேயே சொன்னான். "வாங்க சார். பதினாறு நாளா பாத்துகினு கீறேன். இன்னா இன்னிக்குத்தான் வர்றீங்கோ?"

நான் உட்காரவில்லை. திரும்பி, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பையில் இருந்த கார்டுகளைக் கட்டிலில் பரப்பி எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். பதினாறு.